மவுஸை ஒதுக்கிவிட்டு உருண்டைக்கு மாறலாமா?

போன இதழில் கீபோர்டு பற்றிக் கேட்ட ஒரு வாசகருக்குப் பதில் எழுதும்போது, போகிற போக்கில் 'நான் மவுஸைத் தொட்டு ஆறு வருஷம் ஆகிறது, எனக்கு டிராக்பால்தான்' என்று ஒரு வரி போட்டுவிட்டேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கேள்விகள் வரும் என்று நினைக்கவே இல்லை. அதனால் இந்த முறை பக்கம் முழுக்க அதுதான். கீபோர்டு கேட்டுக் காத்திருப்பவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், அடுத்த இதழில் பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: டிராக்பால் என்றால் என்ன? நான் பார்த்ததே இல்லையே!
— ஒரு வாசகி, சேலம்

பதில்: பார்த்திருப்பீர்கள், கவனித்திருக்க மாட்டீர்கள். ஸ்கேன் சென்டருக்கு நீங்களோ வீட்டில் யாருடனோ போயிருப்பீர்கள் அல்லவா? டாக்டர் ஒரு கையால் வயிற்றின் மேல் கருவியை நகர்த்திக்கொண்டே, இன்னொரு கையை மெஷினின் பலகையில் வைத்து எதையோ உருட்டிக்கொண்டிருப்பார். திரையில் குழந்தையின் தலைக்கு இந்தப் பக்கம் ஒரு புள்ளி, அந்தப் பக்கம் ஒரு புள்ளி, நடுவில் ஒரு கோடு, ஓரத்தில் இத்தனை மில்லிமீட்டர் என்று ஓர் எண். அந்தப் புள்ளியை நகர்த்துவது பலகையில் பாதி புதைந்து கிடக்கும் ஓர் உருண்டை. அதுதான் டிராக்பால்.

மவுஸ் என்றால் கருவியே மேசையில் ஊர வேண்டும். இது வைத்த இடத்தில் கிடக்கும், மேலே இருக்கும் பந்தை விரலால் உருட்டினால் கர்சர் போகும். ஸ்கேன் மெஷின் சக்கரம் வைத்த வண்டி, அதில் மவுஸ் ஓட இடம் ஏது? ஆடுகிற கப்பலின் ரேடார் பலகையிலும் இதே கதைதான், மவுஸை வைத்தால் அலைக்கு அலை ஓடிப்போய்விடும். சினிமாவுக்கு கலர் கிரேடிங், அதாவது காட்சிகளின் நிறத்தைச் சரிசெய்யும் அறைக்குள் எட்டிப் பார்க்க வாய்த்தால் பாருங்கள், அந்தப் பலகையில் வரிசையாக மூன்று பந்துகள் இருக்கும். 2006-இல் வந்த பிளாக்பெர்ரி பேர்ல் போன் நினைவிருக்கிறதா? அதன் நடுவில் மிளகு போல் ஒன்று உருளுமே, அதுவும் இந்தச் சாதிதான்.

கேள்வி: 11 வருஷமாக டி.டி.பி. வேலை. காலண்டர், நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று சீசனில் ஒரு நாளைக்கு 12 மணி நேரம் மவுஸ் பிடிக்கிறேன். ஆறு மாதமாக வலது மணிக்கட்டில் வலி. டிராக்பால் வாங்கினால் வலி போய்விடும் என்கிறார் கடைக்காரர். உண்மையா? எதை வாங்கலாம்?
— டி.டி.பி. ஆபரேட்டர், சிவகாசி

பதில்: அவர் விற்கிறவர், அப்படித்தான் சொல்வார். டிராக்பால் மருந்து இல்லை. ஓர் உறுப்பு செய்துகொண்டிருந்த வேலையைப் பிடுங்கி இன்னோர் உறுப்பின் தலையில் கட்டுகிறது, அவ்வளவுதான். அதனால் எந்த மாடல் என்பதற்கு முன்னால் நான் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: வலி சரியாக எங்கே?

மணிக்கட்டில் என்று எழுதியிருக்கிறீர்கள். மணிக்கட்டில் எந்தப் பக்கம்? கட்டை விரலின் அடியிலிருந்து மணிக்கட்டு வரை, விரலை விரிக்கும்போதும் பொருளைத் தூக்கும்போதும் சுளீர் என்று இழுக்கிறதா? அது கட்டை விரலின் தசைநாண் உறை வீங்கும் பிரச்சினையாக இருக்கலாம், டாக்டர்கள் டி குவெர்வேன் என்பார்கள். அல்லது கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரல் மூன்றும் மரத்துப்போய், ராத்திரி தூக்கத்தில் எழுந்து கையை உதறுகிறீர்களா? அது கார்ப்பல் டனலாக இருக்கலாம், மணிக்கட்டுக்குள் ஒரு நரம்பு நசுங்குவதால் வருவது. இரண்டும் வேறு வேறு. நான் டாக்டர் இல்லை, இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு நீங்களே முடிவு கட்டவும் வேண்டாம். ஆறு மாதம் என்பது நீண்ட காலம், முதலில் எலும்பு மூட்டு டாக்டரிடம் கையைக் காட்டுங்கள். அந்தப் பணம் டிராக்பால் பணத்தை விடக் குறைவாகவே ஆகும்.

இதை ஏன் இவ்வளவு இழுக்கிறேன் என்றால், கடையில் கிடைப்பதில் இரண்டு இனம் உண்டு. ஒன்று கட்டை விரலால் உருட்டுவது. பார்க்க மவுஸ் மாதிரியே இருக்கும், இடப் பக்கவாட்டில் ஒரு பந்து. லாஜிடெக் எம்570 என்று 2010-இல் வந்து பத்து வருஷம் ஓடியது, 2020-இல் அதன் இடத்துக்கு எர்கோ எம்575 வந்தது, கொஞ்சம் விலை கூடியதாக எம்.எக்ஸ். எர்கோ இருக்கிறது. இவற்றின் பந்து 34 மி.மீ. மற்றது, நடுவில் பெரிய பந்து, அதை ஆள்காட்டி, நடு விரல்களால் உருட்ட வேண்டும். கென்சிங்டன் ஆர்பிட்டின் பந்து 40 மி.மீ., டேபிள் டென்னிஸ் பந்தின் அளவேதான். அதே கம்பெனியின் எக்ஸ்பர்ட் மவுஸ், ஸ்லிம்பிளேடு இரண்டிலும் 55 மி.மீ., ஸ்னூக்கர் பந்தை விடக் கொஞ்சம் பெரிது. (எக்ஸ்பர்ட் மவுஸ் என்று பெயர் வைத்துக்கொண்டு டிராக்பால் விற்கிறார்கள், கேட்டால் மவுஸைத்தான் எடுத்துத் தருகிறார் கடைப் பையன்.)

கடைக்காரர் உங்களிடம் கட்டை விரல் இனத்தைத்தான் காட்டியிருப்பார், அதுதான் அதிகம் விற்கிறது. கைக்கு உடனே பழகிவிடும், நானும் அதில்தான் ஆரம்பித்தேன். உங்கள் வலி கட்டை விரல் பக்கத்து வலி என்றால் அதை வாங்குவது எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றுகிற வேலை. நாள் முழுக்க அந்த ஒரு விரலே இழுத்துக்கொண்டிருக்கும். என் கட்டை விரல் எட்டாம் மாதம் பேச ஆரம்பித்தது, பால் பாக்கெட்டைப் பிடித்துத் தூக்கும்போது. அப்புறம்தான் பெரிய பந்துக்கு மாறினேன். இதில் வேலை இரண்டு மூன்று விரல்களுக்குப் பங்காகிறது, களைத்தால் உள்ளங்கையாலும் உருட்டலாம். ஏற்கனவே வலி உள்ளவர் யார் கேட்டாலும் நான் இதைத்தான் சொல்வேன்.

தோள்பட்டை வலி இருந்தால் இன்னொரு லாபமும் உண்டு. நம்பர் பேடு வைத்த நீளக் கீபோர்டுக்கு அப்பால் மவுஸ் இருப்பதால் கை எப்போதும் உடம்பை விட்டு விலகியே நிற்கிறது. டிராக்பாலை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம், கீபோர்டுக்கு முன்னால், மடியில், சாய்வுப் பலகையில். ஆனால் ஒன்று, உயரமான டிராக்பாலில் மணிக்கட்டு பின்னோக்கி மடங்கும், அதுவும் கெடுதல்தான். எக்ஸ்பர்ட் மவுஸுடன் ஒரு மணிக்கட்டு மெத்தை வருகிறது. அது இல்லாத மாடல் என்றால் முழங்கை முதல் விரல் வரை நேர்கோட்டில் இருக்கும்படி ஒரு துண்டை மடித்துக் கீழே வையுங்கள். நான் பழைய காசித் துண்டுதான் வைத்திருக்கிறேன், பார்க்க லட்சணமாக இல்லை என்று வீட்டில் சொல்கிறார்கள்.

இப்போது உங்கள் தொழிலுக்கு வருவோம். டி.டி.பி.யில் பாதி வேலை இழுப்பதுதான். டெக்ஸ்ட் பாக்ஸை இழு, படத்தின் மூலையைப் பிடித்து இழு, பத்தியை செலக்ட் செய். டிராக்பாலின் பலவீனம் சரியாக அங்கேதான் இருக்கிறது. பட்டனை அமுக்கிப் பிடித்தபடியே அதே கையின் வேறு விரலால் பந்தை உருட்ட வேண்டும், ஒரு கையால் மாவு பிசைந்துகொண்டே அதே கையால் எண்ணெய் விடுகிற மாதிரி. 1991-இல் மவுஸ், பேனா, டிராக்பால் மூன்றையும் வைத்து மெக்கன்சி, செல்லன், பக்ஸ்டன் என்ற மூவர் ஓர் ஆய்வு செய்தார்கள். குறி பார்ப்பதிலும் இழுப்பதிலும் டிராக்பால்தான் கடைசி, இழுக்கும்போது தவறுகளும் அதற்குத்தான் அதிகம். அன்றைய கருவிகள் வேறு, இன்றைய சென்சார் வேறு, ஆனாலும் அந்தச் சிரமத்தின் அடிப்படை மாறவில்லை.

இதற்கு வழி இருக்கிறது. விண்டோஸில் மவுஸ் ப்ராப்பர்ட்டீஸ் திறந்தால் பட்டன்ஸ் பக்கத்திலேயே கிளிக்லாக் என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும். டிக் அடித்துவிட்டால், பட்டனை ஒரு நொடி அமுக்கி விட்டாலே அது அமுங்கியதாகவே இருக்கும். பிறகு பந்தை மட்டும் உருட்டிக்கொண்டு போய், சேர வேண்டிய இடத்தில் ஒரு கிளிக் செய்தால் விட்டுவிடும். நான்கு பட்டன் உள்ள மாடல் என்றால் அதன் சாஃப்ட்வேரில் ஒரு பட்டனையே இதற்கு ஒதுக்கலாம், அது இன்னும் சுகம். இவ்வளவு செய்தும் பெஜியர் வளைவுகளை (புள்ளிகளை இழுத்து வளைக்கிற கோடுகள்) பிடித்து இழுத்து லோகோ டிரேஸ் செய்கிற வேலை உங்களுக்கு எரிச்சலாகத்தான் இருக்கும். அதற்கு மட்டும் பழைய மவுஸைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் செருகினால் கம்ப்யூட்டர் ஒன்றும் சண்டை போடாது.

கேள்வி: மவுஸ் வந்த பிறகு அதைப் பார்த்துச் செய்ததுதானே டிராக்பால்?
— கல்லூரி மாணவர், திருநெல்வேலி

பதில்: தலைகீழ். டிராக்பால்தான் அண்ணன். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, 1946-இல், பிரிட்டிஷ் கடற்படைக்காக ரால்ஃப் பெஞ்சமின் என்ற எஞ்சினீயர் ரேடார் திரையில் புள்ளியை நகர்த்த ஓர் உலோக உருண்டையை இரண்டு சக்கரங்கள் மேல் வைத்துச் செய்தார். ராணுவ ரகசியம் என்பதால் வெளியே யாருக்கும் தெரியவில்லை. அதனால் 1952-இல் கனடா கடற்படையின் டாடார் திட்டத்தில் வேறு மூவர் அதையே புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அவர்கள் உருண்டைக்கு எங்கே போனார்கள் தெரியுமா? கனடாவில் ஆடும் ஃபைவ் பின் பௌலிங் விளையாட்டின் பந்தையே எடுத்து வைத்துவிட்டார்கள்.

அமெரிக்க ஆராய்ச்சியாளர் டக்ளஸ் எங்கெல்பார்ட்டின் மவுஸ் 1964 வாக்கில் மரப்பெட்டியாகப் பிறந்தது. 1968 டிசம்பரில் அவர் அதை சான் பிரான்சிஸ்கோவில் மேடையேற்றிக் காட்டினார். அதற்குச் சில வாரங்கள் முன்பே ஜெர்மனியில் டெலிஃபங்கன் கம்பெனி ஒன்றை வெளியிட்டிருந்தது. விமானக் கட்டுப்பாட்டு ரேடாருக்குச் செய்த டிராக்பாலை அப்படியே கவிழ்த்து, மேசையில் உருளும்படி செய்த 'ரோல்குகல்'. நம் ஊர் பிரவுசிங் சென்டர்களில் இருந்த பழைய மவுஸின் வயிற்றைத் திருகித் திறந்து ரப்பர் உருண்டையை வெளியே எடுத்திருக்கிறீர்களா? அந்த மவுஸும் கவிழ்த்துப் போட்ட டிராக்பால்தான்.

கேள்வி: எனக்கு இடது கைப் பழக்கம். கட்டை விரல் மாடல் எனக்கு ஒத்துவருமா?
— ஒரு வாசகி, புதுச்சேரி

பதில்: பெரும்பாலும் வராது. வலது உள்ளங்கைக்கு வார்த்த வடிவம் அது, இடது கையை வைத்தால் கட்டை விரல் வெறும் பிளாஸ்டிக்கைத் தடவும், சுண்டு விரல் பந்தைத் தேடும். ஜப்பானின் எலகாம் கம்பெனி இடக் கைக்கென்றே ஒரு கட்டை விரல் மாடல் செய்தது, கிடைத்தால் அதிர்ஷ்டம். நடுவில் பந்து வைத்த ஆர்பிட், எக்ஸ்பர்ட், ஸ்லிம்பிளேடு எல்லாம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, உங்களுக்கு அவைதான். செட்டிங்ஸில் முதன்மை பட்டனை வலதுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

வலது கைக்காரர்களுக்கும் ஒரு யோசனை. நம்பர் பேடில் எண் அடித்துக்கொண்டே இருக்கும் டேலி ஆசாமிகள் டிராக்பாலை இடது கைக்குக் கொடுத்துப் பாருங்கள். இடது கையால் மவுஸ் பிடிப்பது கொடுமை, இடது கையால் பந்து உருட்டுவது ஒரு வாரத்தில் வந்துவிடும். எனக்கு வந்தது, என் கையெழுத்தை விட நன்றாகவே.

கேள்வி: கேம் ஆட டிராக்பால் சரிப்படுமா?
— ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: 1980-இல் வந்த அட்டாரி கம்பெனியின் மிஸைல் கமாண்ட் ஆட்டத்தை ஆடத் தயார் என்றால் இதை விட்டால் வேறு கருவி கிடையாது, காசு போட்டு ஆடும் அந்த மெஷினில் பதித்திருந்ததே டிராக்பால்தான். இன்றைய துப்பாக்கிச் சண்டை ஆட்டங்களில் டிராக்பாலோடு ஜெயிக்கிறவர்களும் இருக்கிறார்கள். நீங்களும் நானும் அவர்களில் ஒருவர் இல்லை.

கேள்வி: வாங்கி மூன்று வாரம்தான் ஆகிறது. முதலில் வெண்ணெய் மாதிரி ஓடிய கர்சர் இப்போது தத்தித் தத்திப் போகிறது. சில நேரம் அப்படியே நிற்கிறது. மாற்றிக் கேட்கலாமா?
— கணக்காளர், சென்னை

பதில்: கடைக்கு ஓடுவதற்கு முன் பந்தைக் கழற்றிப் பாருங்கள். கட்டை விரல் மாடல் என்றால் அடிப்பக்கம் ஒரு துளை இருக்கும், பென்சிலின் மொட்டை முனையால் ஒரு குத்து, பந்து மேலே வந்துவிடும். பெரிய பந்து என்றால் கருவியைக் கை மேல் கவிழ்த்தாலே பெரும்பாலும் விழுந்துவிடும்.

பந்து உட்காரும் குழிக்குள் இப்போது பாருங்கள். மூன்று சின்னப் புள்ளிகள் தெரியும், கடுகை விடக் கொஞ்சம் பெரிதாக, பளபளப்பாக. முக்காலி மேல் வைத்த குடம் மாதிரி பந்து அந்த மூன்றின் மேல்தான் நிற்கிறது. ஒவ்வொரு புள்ளியையும் சுற்றிச் சாம்பல் நிறத்தில் ஒரு வளையம் கட்டியிருக்கும். விரலின் எண்ணெய்ப் பிசுக்கு, மேசைத் தூசி, சட்டை நூல், எல்லாம் சேர்ந்து அழுத்தி அழுத்தி ஒரு பட்டையாகவே ஆகியிருக்கும். நகத்தால் தட்டினால் முழுசாகக் கழன்று வரும், அருவருப்பாக இருந்தாலும் அதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன். சென்சாரின் சின்ன ஜன்னலில் ஒட்டிய தூசியை ஊதிவிட்டு, காது குடையும் பட்ஸால் மெதுவாகத் துடையுங்கள். பந்தை உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்தால் போதும். தின்னர், பெட்ரோல் பக்கம் போகவே வேண்டாம்.

இனி இது வாரம் ஒரு முறை இரண்டு நிமிட வேலை. எனக்கு வெள்ளிக்கிழமை. மவுஸில் இல்லாத தொல்லைதான் இது, ஒத்துக்கொள்கிறேன்.

சுத்தம் செய்தவுடன் பந்து முன்னை விட இறுக்கமாக, ஒட்டுகிற மாதிரி இருந்தால் பயப்படாதீர்கள். அந்தப் புள்ளிகளுக்கும் பந்துக்கும் நடுவே மெல்லிய எண்ணெய்ப் படலம் இருந்தால்தான் வழுக்கும், நீங்கள் அதைத் துடைத்துவிட்டீர்கள். பழைய ஆட்களின் வைத்தியம், பந்தை நெற்றியிலோ மூக்கின் பக்கத்திலோ இரண்டு சுற்று உருட்டிவிட்டுப் போடுவது. ஆபீஸில் யாரும் பார்க்காதபோது செய்யுங்கள்.

இதெல்லாம் செய்த பிறகும் கர்சர் நின்றால், அப்போது பில்லோடு போங்கள்.

கேள்வி: கண்ணாடி மேசையில் வேலை செய்யுமா? பேடு வேண்டுமா?
— ஒரு வாசகர், ஈரோடு

பதில்: செய்யும். வேண்டாம். சென்சார் மேசையைப் பார்ப்பதில்லை, பந்தைத்தான் பார்க்கிறது. மெத்தையிலும் ஓடும், பஸ் சீட்டிலும் ஓடும், இட்லி மாவு சிந்திய மேசையிலும் ஓடும்.

கேள்வி: அப்பாவுக்கு 72 வயது. கை நடுக்கம் உண்டு. பேரனோடு வீடியோவில் பேசவும் செய்தி படிக்கவும் கம்ப்யூட்டர் வேண்டும் என்கிறார். மவுஸை ஐகானுக்குக் கொண்டுபோய்விடுகிறார், கிளிக் செய்யும்போது நகர்ந்துவிடுகிறது. பாவமாக இருக்கிறது.
— ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: டிராக்பால் என்ற கருவி யாருக்காவது நிஜமாகவே தேவை என்றால் அது உங்கள் அப்பாவுக்குத்தான். மவுஸில் சுட்டுவதும் அமுக்குவதும் ஒரே பொருளின் மேல் நடக்கின்றன, அமுக்கும்போது கை அசைந்தால் மவுஸும் அசைகிறது. பெரிய பந்து வைத்த டிராக்பாலில் பட்டன்கள் பந்துக்கு வெளியே, ஓரத்தில் இருக்கும். பந்தை உருட்டி ஐகான் மேல் நிறுத்திவிட்டு, கையைப் பந்திலிருந்து முழுவதுமாக எடுத்துவிடச் சொல்லுங்கள். எடுத்த பிறகு, நிதானமாக, வேண்டுமானால் இன்னொரு கையால் பட்டனை அமுக்கலாம். கர்சர் நிறுத்திய இடத்திலேயே நிற்கும். பந்து பெரியதாக இருக்க இருக்க நல்லது, 55 மி.மீ. வாங்குங்கள், கட்டை விரல் மாடல் வேண்டவே வேண்டாம்.

அப்புறம் மூன்று காரியம். கர்சர் வேகத்தைக் குறையுங்கள். டபுள் கிளிக் வேகத்தை மெதுவான ஓரத்துக்குத் தள்ளுங்கள், அல்லது ஒரே கிளிக்கில் திறக்கும்படி ஃபோல்டர் ஆப்ஷனில் மாற்றிவிடுங்கள். கர்சரின் அளவைப் பெரிதாக்கி வையுங்கள். நடுக்கம் அதிகமாகிக்கொண்டே போனால் அதை டாக்டரிடம் சொல்லுங்கள், டிராக்பாலோடு விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: நான் மொழிபெயர்ப்பாளர். கட்டை விரல் டிராக்பால் வாங்கி இரண்டு கிழமை. இன்னும் மூடுகிற சின்னப் பெருக்கல் குறியைப் பிடிக்க முடியவில்லை, தாண்டித் தாண்டிப் போகிறது. விட்டுவிடலாமா?
— ஒரு வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: இன்னும் ஒரு கிழமை பொறுங்கள், ஆனால் அதே செட்டிங்கோடு பொறுக்க வேண்டாம். இரண்டு விஷயம் பாருங்கள். முதலாவது, மவுஸுக்கு வைத்திருந்த வேகமே டிராக்பாலுக்கும் சரிப்படாது. கட்டை விரலின் ஓட்டம் ஒன்றரை அங்குலம், அதற்குள் திரையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குப் போக வேண்டும் என்று வேகத்தை ஏற்றிவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். ஏற்றினால் சின்னக் குறியைத் தாண்டத்தான் செய்யும். இறக்குங்கள், இறக்கிவிட்டு விண்டோஸில் 'என்ஹான்ஸ் பாயின்டர் பிரிசிஷன்' என்பதைப் போட்டுப் பாருங்கள். மவுஸ்காரர்கள் அதை முதல் வேலையாக அணைப்பார்கள், ஆனால் டிராக்பாலில் அது உதவி செய்கிறது. வேகமாகச் சுண்டினால் கர்சர் தூரம் பறக்கும், மெதுவாகத் தடவினால் புள்ளி புள்ளியாக நகரும்.

இரண்டாவது, கை. மவுஸைப் போல நகம் வெளுக்கிற அளவுக்குப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். கருவியைப் பிடிக்கவே வேண்டாம், அது எங்கும் ஓடாது. கையை அதன் மேல் போட்டுவிடுங்கள், தூங்குகிற பூனை மேல் கை வைத்த மாதிரி. தூரமாகப் போக வேண்டுமானால் பந்தைச் சுண்டிவிட்டு, அது ஓடும்போதே விரல் நுனியால் பிரேக் போடுங்கள். கேரம் ஆடியவர்களுக்கு இது சீக்கிரம் வரும். மொழிபெயர்ப்பில் இழுக்கிற வேலையும் குறைவு, வாக்கியத்தை செலக்ட் செய்ய ஷிஃப்டும் அம்புக்குறியும் இருக்கின்றன. உங்கள் தொழிலுக்கு இது பொருந்தும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஸ்க்ரோல் பற்றியும் சொல்லிவிடுகிறேன், நீளமான கோப்புகளோடு மல்லுக்கட்டுகிறவர் நீங்கள். கட்டை விரல் மாடல்களில் மவுஸில் இருப்பது போலவே சக்கரம் உண்டு. எக்ஸ்பர்ட் மவுஸில் பந்தைச் சுற்றி ஒரு வளையம், கிணற்று ராட்டினம் மாதிரி சுற்றிக்கொண்டே இருக்கலாம். ஸ்லிம்பிளேடில் பந்தையே மூடி திருகுவது போலத் திருக வேண்டும், அது சிலருக்குப் பிடிக்கும். எனக்குப் பிடிக்கவில்லை.

கேள்வி: வயர் உள்ளதா, இல்லாததா? பழையது வாங்கலாமா?
— ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: மவுஸுக்கு வயர் தொல்லை, ஏனென்றால் மவுஸ் ஓடுகிறது. டிராக்பால் ஓடாது, வயர் மேசைக்குப் பின்னால் தேமேயென்று கிடக்கும். ஒரே மேசையில் வேலை என்றால் வயர் மாடல் வாங்கிப் பணத்தை மிச்சம் பிடியுங்கள். லேப்டாப்போடு அலைகிறவர் என்றால் வயர்லெஸ், எம்575-க்கு ஒரு டபுள் ஏ பேட்டரி போட்டால் ஒரு வருஷத்துக்கு மேல் கவலை இல்லை.

பழையதில் பந்து லேசில் தேயாது, சென்சாரும் லேசில் கெடாது, பட்டனுக்குள் இருக்கும் சுவிட்ச்தான் முதலில் போகும். ஒரு தடவை அமுக்கினால் இரண்டு தடவை அமுக்கியதாக எடுத்துக்கொள்ளும். நான் ஒரு முறை ஆன்லைனில் 'அதிகம் பயன்படுத்தாதது' என்று வாங்கி, ஃபைலைத் தேர்ந்தெடுக்கப் போய் ஃபைல் ஃபைலாகத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன், விற்றவர் அதற்குப் பிறகு போனை எடுக்கவில்லை. நேரில் போய், ஒரு ஃபோல்டர் மேல் ஐம்பது தடவை ஒற்றைக் கிளிக் அடித்துப் பாருங்கள், ஒரு தடவை கூடத் திறக்கக் கூடாது. மைக்ரோசாஃப்டின் டிராக்பால் எக்ஸ்ப்ளோரர் என்று ஒன்று இருந்தது, நிறுத்திப் பல வருஷம் ஆகிறது, அதன் பழைய பிரதிகளுக்கு இன்றும் யானை விலை சொல்கிறார்கள். வேண்டாம். அதன் வடிவத்தை ஒட்டி கனடாவின் ப்ளூப்பி கம்பெனி ஒரு டிராக்பால் செய்கிறது, வரைபடங்களை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்தும் வைத்திருக்கிறது. 3டி பிரிண்டரும் சால்டரிங் அயர்னும் கையில் இருக்கிறவர்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. இரண்டு ஞாயிறு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை. பந்து கழன்று வரும் என்கிறார்களே, ஆபத்து இல்லையா?
— ஒரு வாசகி, திருச்சி

பதில்: நல்லவேளை, யாராவது கேட்டீர்கள். ஆபத்துதான். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் பொம்மைகளில் சுமார் 44 மி.மீ.க்குக் குறைந்த பந்து இருக்கக் கூடாது என்று அமெரிக்காவில் விதியே உண்டு, தொண்டையில் அடைத்துக்கொள்ளும் என்பதற்காக. கட்டை விரல் மாடலின் பந்து 34 மி.மீ., ஆர்பிட்டுடையது 40. இரண்டும் அந்த அளவுக்குள் வந்துவிடுகின்றன. வழவழப்பு வேறு. வேலை முடிந்ததும் கருவியை மேசையில் விடாமல் அலமாரிக்கு மேல் எடுத்து வையுங்கள், அல்லது பெரிய பந்து உள்ளதையே வாங்குங்கள்.

எங்கள் வீட்டுக் குழந்தைக்கு அப்போது ஐந்து வயது, வாயில் போடுகிற வயது தாண்டிவிட்டது என்று நான் அசட்டையாக இருந்தேன். ஒரு சனிக்கிழமை காலை அவசர வேலைக்கு உட்கார்ந்தால் குழி மட்டும் இருக்கிறது, பந்து இல்லை. கட்டிலுக்கு அடியில், பீரோவுக்குப் பின்னால், கிரைண்டருக்குக் கீழே என்று தென்னந்துடைப்பத்தை விட்டுத் துழாவி, கடைசியில் மதியம் கொலு பொம்மைப் பெட்டியைத் திறந்தால் செட்டியார் பொம்மையின் கடையில் பூசணிக்காய்க்கும் தேங்காய்க்கும் நடுவில் அது உட்கார்ந்திருக்கிறது. தர்பூசணியாம்.